நாலாவது நகம்

நகம் கீறிய காயம்தானே என்று பார்க்க வந்தவர்கள் அலட்சியமாகச் சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போவதற்கென்ன, ஆற்றுத் தண்ணீர் பட்டுச் சீழ்வைத்த கை சின்னவளுடையதல்லவா! மூழ்கிய அக்கா கடைசியாகப் பற்றிய கை அது. நாலு விரல் நகமும் ஆழமாகப் பதிந்திருந்தன. தங்கை உயிரைக் கொடுத்து இழுத்திருக்கிறாள் என்று வீட்டில் எல்லாரும் நம்பினார்கள். பயத்தில் கையை உதறிவிட்டுக் கரையேறியது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

சிகிச்சை அறையில் விளக்குக்காரம்மா அவளுக்குக் கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டு, கைக்கு மேலே காயத்தை ஆற்றும் சிவப்பு விளக்கை இறக்குவாள். பத்து நிமிடம் அசையக் கூடாது. சுடாத வெளிச்சம்தான். ஆனால் கண்ணை மூடியதும் ஈரமான நாலு விரல்கள் வந்து கையை இறுக்கும். காயம் மூடினால் அக்கா விட்டுவிடுவாள் என்ற ஒரே நம்பிக்கையில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாள்.

மூன்று காயம் மூடிவிட்டது. நாலாவது மட்டும் அடம்பிடித்தது. விளக்குக்காரம்மா வாராவாரம் கண்ணாடித் தாளில் காயத்தின் ஓரத்தை வரைந்து வைப்பாள். ஒருநாள் அந்தத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தாள்.

"விளக்கு மேல தப்பு இல்லம்மா. ஆற ஆற யாரோ நோண்டுறாங்க. வீட்ல யாரு கட்டு மாத்துறது?"

"அம்மா."

அன்று மதியம் சின்னவள் தூங்குவதுபோல் கிடந்தாள். அம்மா வந்து கட்டைப் பிரித்தாள். குனிந்து, புதுத்தோலில் தன் நகத்தை வைத்து மெதுவாக அழுத்தினாள்.

"அம்மா! என்ன பண்ற?"

அம்மா பதறிப்போய்க் கையை விட்டாள். பிறகு ஓவென்று அழுதாள்.

"இதுவும் மூடிட்டா, அவ தொட்ட இடம்னு எனக்கு என்னடி இருக்கு? அவளை இழுக்க எவ்வளவு பாடுபட்டிருக்க, என் தங்கமே! இது ஒண்ணு மட்டும் இருந்துட்டுப் போகட்டும்டி."

உதறினதே நான்தாம்மா என்று வாய்வரை வந்தது. பாவி, சொல்லித் தொலைத்திருக்கலாம். சொல்லாமல் கையை மறுபடி அம்மாவின் மடியில் வைத்தாள்.

அடுத்த வாரத் தாளில் கோடு இன்னும் அகன்றிருந்தது. விளக்குக்காரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"யாரு இந்த வேலையப் பண்றது? சொல்லாம இங்கேருந்து எழுந்திருக்கக் கூடாது."

"நான்தான்" என்றாள் சின்னவள்.

விளக்கு இறங்கியது. கண்ணை மூடினாள். இன்று ஒரே ஒரு விரல்தான் வந்து பற்றியது. இந்தத் தடவை அவள் உதறவில்லை.