கேப்போ, காப்போ, கப்போ

கிதார் கடைக்காரனுக்குத் தொழில் தர்மம் ஒன்றே ஒன்றுதான். வாடிக்கையாளர் ஒரு சாமானின் பெயரை எப்படிச் சொல்கிறாரோ, அதை அப்படியே திருப்பிச் சொல்வது. கம்பியை மீட்டும் வில்லையை ஒருவர் பிக் என்றால் பிக். இன்னொருவர் ஏதோ துறவியைக் கூப்பிடுவது போல "பிக்கு இருக்கா?" என்றால், "எந்தக் கலர் பிக்கு வேணும்?" சுருதி பார்க்கும் ட்யூனர், டூனர், ஜூனர் மூன்றும் ஒரே இழுப்பறையில்தான் இருந்தன, எதைக் கேட்டாலும் அவன் முகம் மாறியதில்லை. வாத்தியக்காரர்கள் சுருதி சேராததைக்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். உச்சரிப்பைத் திருத்தினால் மட்டும் முறுக்கிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள்.

உண்மையான வம்பு ஒரு கவ்வியில் இருந்தது. கிதாரின் கழுத்தில் மாட்டினால் எல்லாக் கம்பிகளையும் ஒன்றாக அழுத்திச் சுருதியை ஏற்றிவிடும். பார்ப்பதற்குத் துணி காயப்போடும் கிளிப்பின் பெரியண்ணன் மாதிரி இருக்கும். அதைச் சிலர் காப்போ என்பார்கள், சிலர் கப்போ என்பார்கள். வெறும் கப்பு என்று கேட்ட ஒருவரிடம் அவன், "பெரிய கப்பா, சின்னக் கப்பா?" என்று விசாரிக்க, பக்கத்தில் நின்றவர் தனக்கும் ஒரு டீ சொன்னார்.

அவன் அதை என்னவென்று சொல்வான் என்பது ஊரில் யாருக்கும் தெரியாது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சரக்கு அடுக்கும்போது மட்டும் வாய்க்குள் "கேப்போ" என்று சொல்லிக்கொள்வான். சொல்லிவிட்டு வாசலை ஒருமுறை பார்த்துக்கொள்வான்.

காப்போ என்பவர்களில் அவனுக்கு முக்கியமானவள் மாடியில் வகுப்பெடுக்கும் கிதார் டீச்சர். கல்லாவுக்குப் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் அவளைத் தவிர யார் உட்கார்ந்தாலும், துடைக்க வேண்டும் என்று எழுப்பிவிடுவான். அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அவனுக்குக் கொள்ளை ஆசை. சென்ற வாரம் எச்சிலை விழுங்கி விழுங்கி ஒருவழியாகச் சொல்லியும்விட்டான். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கையிலிருந்த புதுக் கம்பிச் சுருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நான் காப்போன்னா நீங்களும் காப்போ. எங்கண்ணன் கப்போன்னா நீங்களும் கப்போ. ரெண்டையும் என் காதாலயே கேட்டிருக்கேன்."

"அது வியாபாரம் டீச்சர்."

"மழை வரும்னு சொன்னேன், ஆமான்னீங்க. வராதுன்னேன், அதுக்கும் ஆமான்னீங்க. அதுவும் வியாபாரமா?"

ஆமா என்று வாய் வரைக்கும் வந்ததை மென்று விழுங்கினான்.

"ஆமாஞ்சாமியக் கட்டிக்கிட்டா நான் என்னையே கட்டிக்கிட்ட மாதிரிதான். உங்களுக்குன்னு ஒரு சொல்லு இருந்தா எங்கண்ணன்கிட்ட வந்து பேசுங்க. இல்லாட்டி வேணாம், இப்படியே இருந்துடுவோம்."

அதிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இன்று பார்த்தால் அண்ணனும் தங்கையும் சேர்ந்தே கடைக்குள் வந்தார்கள். பெற்றவர்கள் இல்லாத வீடு. அண்ணன் வைத்ததுதான் சட்டம். மேடைகளில் கிதார் வாசிப்பவர், கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் ஆகிருதி.

"தம்பி, ஒரு கப்போ எடுங்க."

"காப்போண்ணே" என்றாள் டீச்சர்.

"மேடையேறின நாள்லேருந்து கப்போதான்."

"மேடையேறித் தப்பாச் சொன்னா அது சரியாயிடுமா?"

"ஏன், தம்பியவே கேளு. தினமும் விக்கிறவரு. சொல்லுங்க தம்பி, இதுக்கு என்ன பேரு?"

இருவரும் அவன் பக்கம் திரும்பினார்கள். காப்போ என்றால் பழைய ஆமாஞ்சாமி. கப்போ என்றால் அண்ணனுக்கு ஆமாஞ்சாமி. உள்ளதைச் சொன்னாலோ இரண்டு பேரையும் பகைத்துக்கொள்ள வேண்டும். இருதலைக்கொள்ளி எறும்புக்காவது இரண்டு தலைதான். டீச்சர் ஸ்டூலில் உட்காராமல் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கேப்போ" என்றான்.

பயத்தில் அது மூக்கு வழியாக வந்தது.

"கேப்போமா? யார்கிட்ட?" என்றார் அண்ணன்.

"இல்லண்ணே. கேப்போ."

"அதாம்பா, யார்கிட்ட கேப்போம்?" அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்தார். கடையில் வேறு ஆளே இல்லை.

"விடுண்ணே" என்றாள் டீச்சர். அவள் முகம் வாடிப்போயிற்று. "அவரு தானா எதையும் சொல்ல மாட்டாரு. இன்னொருத்தரக் கேட்டுத்தான் சொல்லுவாரு." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

பிறந்ததிலிருந்து அவன் வாய்விட்டுச் சொன்ன ஒரே அபிப்பிராயம் இப்படி வீணாய்ப் போயிற்று. அவள் கண்ணாடிக் கதவில் கை வைப்பதற்குள் கல்லாவைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தான். கையில் அந்தக் கவ்வி. இறுக்கிப் பிடித்ததில் அது அவன் கட்டைவிரலைக் கவ்விக்கொண்டிருந்தது. அவனுக்கு அது உறைக்கவில்லை.

"டீச்சர், நில்லுங்க. இது காப்போ இல்ல. அண்ணே, இது கப்போவும் இல்ல. நீங்க ரெண்டு பேரும் சொல்றது தப்பு. இதுக்குப் பேரு கேப்போ." குரல் ஏறிக்கொண்டே போனது. "உங்க தங்கச்சிய எனக்குக் கட்டிக்குடுங்கன்னு கேக்கத்தான் போறேன். ஆனா நான் சொன்னது அது இல்ல. இது கேப்போ!"

அண்ணன் அவன் விரலில் தொங்கிய கவ்வியைப் பார்த்தார். பிறகு தங்கையிடம், "பொண்ணு கேக்க வந்த எடத்துல நம்மையே திருத்துறாரே, யாரும்மா இவரு?" என்றார்.

"நான்தான் வந்து பேசச் சொன்னேண்ணே."

"அப்போ உனக்குச் சம்மதமா?"

டீச்சர் திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். "சம்மதம்தான். ஆனா அது காப்போதான்."

அண்ணன் கடைக்காரனைப் பார்த்தார். "என்ன தம்பி, காப்போதானாமே?"

ஆமா என்ற சொல் வழக்கம்போல் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. அவனுக்குப் பயமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

"இல்லண்ணே" என்றான்.

அவள் சிரித்துக்கொண்டே அவன் விரலிலிருந்து கவ்வியைக் கழற்றினாள்.