இடது பின்கதவு

அந்த வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்று பெயர். கல்யாணமாகி வந்து எட்டு வருடம் ஆகிவிட்டது, வயதும் முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. ஆனாலும் அவளுக்குப் பின்னால் அந்த வீட்டுக்கு வேறொரு மருமகள் வராததால் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. வெளியே அவளுக்கு வேறு மதிப்பு. பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புகிற வாய்களுக்குப் பல் செட் செய்யும் ஒரு கூடத்தில் அவள் வேலை பார்த்தாள். நிறம் பார்ப்பதில் அவள்தான் அங்கே முதல் கை. ஐம்பது வயதுக்காரரின் பல்லுக்கும் அறுபது வயதுக்காரரின் பல்லுக்கும் உள்ள மஞ்சள் வித்தியாசத்தை ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

வீடு கணவனின் அண்ணனுடையது. எல்லாரும் அவரைப் பெரியவர் என்பார்கள். அவர் ஒரு பெரிய அச்சகத்தின் மேலாளர். தம்பியை அங்கேயே காகிதம் வெட்டும் இயந்திரத்தில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். மாடி அறையைக் கொடுத்து, வாடகைப் பேச்சே எடுக்காமல் வைத்திருந்தார். பெரியவர் கெட்டவர் இல்லை. சிக்கலே அதுதான். ஒருமுறை சின்னவள் தன் வேலைக்குப் பக்கத்தில் இரண்டு அறை வீடு ஒன்றைப் பார்த்துச் சாவிகூட வாங்கிவிட்டாள். பெரியவர் சத்தம் போடவில்லை. அன்று ராத்திரி சாப்பிடாமல் எழுந்து போனார். போகும்போது, "இங்க நான் என்ன குறை வச்சேன்?" என்று மட்டும் கேட்டார். கணவன் அழுதுவிட்டான். மறுநாள் அவனே போய்ச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான்.

பெரியவருக்கு ஒரு கார் இருந்தது. வெள்ளிச் சாம்பல் நிறம். வாரத்தில் இரண்டு நாள் ஓட்டுவார், ஏழு நாளும் துடைப்பார். பன்னிரண்டு வருடத்தில் ஒரு கீறல் கிடையாது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். மகளுக்குப் பிரசவம் என்று அவரும் மனைவியும் இரண்டு வாரம் வெளியூர் கிளம்பியபோது, கார் சாவியைச் சின்னவளிடம் கொடுத்தார். வீட்டில் அவரைத் தவிர லைசென்ஸ் வைத்திருந்தது அவள் மட்டும்தான். பேட்டரி இறங்காமல் இருக்க மூன்று நாளைக்கு ஒருமுறை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிட வேண்டும், ஷெட்டை விட்டு வெளியே எடுக்கக்கூடாது என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார்.

நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் ஸ்டார்ட் செய்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள். எதிரே ஷெட் சுவர், அதில் மாட்டிய ஒரு வாளி, ஒரு துடைப்பம். பத்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருப்பது பெரிய கொடுமையாகப் பட்டது. இறங்கிப் போய் கேட்டைத் திறந்தாள். மெயின் ரோடு வரை போனாள், வளைவு சுற்றினாள், பாலத்தில் ஏறி இறங்கினாள். இருபது நிமிடம். எங்கே போகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. திரும்பி வந்து கேட்டுக்குள் நுழையும்போது கணவன் இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு ஓடி வந்தான். அவள் அவனைப் பார்த்தாள், கேட் தூணைப் பார்க்கவில்லை. இடது பின்பக்கம் நறநறவென்று ஒரு சத்தம்.

பின்கதவு உள்ளங்கை அகலத்துக்கு உள்ளே போயிருந்தது. நடுவில் நீளமாக ஒரு மடிப்பு, அதைச் சுற்றிப் பெயிண்ட் உரிந்திருந்தது. கணவன் திட்டவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டான், முகத்தில் ஈயாடவில்லை. போன் பண்ணி உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றாள் அவள்.

"வேண்டாம்," என்றான். "அவர் திட்ட மாட்டார். அதான் பயமா இருக்கு."

ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப் போகவும் வழியில்லை. அந்த வட்டாரத்தில் இருந்த டிங்கரிங்காரர்கள் எல்லாரும் பெரியவருக்குத் தோஸ்து. வண்டி உள்ளே நுழைந்த மறு நிமிடம் அவருக்குப் போன் போகும். வேறு பக்கம் கொண்டு போகலாமென்றால், எதிர்வீட்டு மாடியில் ஓய்வு பெற்ற சர்வேயர் காலை முதல் மாலை வரை பேப்பரும் கையுமாக உட்கார்ந்திருப்பார். தெருவில் ஒரு நாய் புதிதாக வந்தாலும் அவருக்குத் தெரியும், பெரியவருக்கும் தெரிந்துவிடும். வண்டி போய் வந்த நேரத்தில் அவர் குளிக்கப் போயிருந்ததால்தான் இதுவரை தப்பித்திருந்தார்கள். ஆக, ஷெட் கதவை இறக்கிவிட்டு உள்ளேயே சரிசெய்வது என்று முடிவாயிற்று.

வேலை முழுக்கத் தனக்குத்தான் என்று சின்னவளுக்குத் தெரியும். வேலை பார்க்கும் கூடத்திலிருந்து முகமூடியும் கையுறையும் எடுத்து வந்தாள். கதவின் உள்பக்கத்து அட்டையைக் கழற்றி, வெளியே ஒரு மரக்கட்டையைக் கணவன் அழுத்திப் பிடித்துக்கொள்ள, உள்ளேயிருந்து சின்னச் சுத்தியால் தட்டினாள். தகடு முனகிக்கொண்டே வெளியே வந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் கணவன் ஷெட் கதவைத் திரும்பிப் பார்த்தான். பிறகு உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்க்கத் தேய்க்க மடிப்பின் ஓரத்தில் ஒரு விரிசல். நகத்தால் நெம்பியதும், பெயிண்டோடு சேர்ந்து ஒரு சில்லு பெயர்ந்து கையில் விழுந்தது.

அவள் அதை ஜன்னல் பக்கம் கொண்டு போய்ப் பார்த்தாள். பட்டி. பள்ளத்தை நிரவப் பூசுகிற பசை, அரை விரல் கனத்துக்கு இறுகிப்போன பழைய பட்டி. அது பெயர்ந்த இடத்தில் தகடு கிண்ணம் மாதிரிக் குழிந்திருந்தது. அவள் இடித்தது மேலே ஒரு மடிப்பு மட்டும்தான். அதற்கு முன்பே யாரோ இதைவிடப் பலமாக, அதே கதவில் இடித்து, நிரவி, பெயிண்ட் அடித்து மூடியிருக்கிறார்கள். அவளுக்கு முன் இந்த வண்டியைப் பெரியவரைத் தவிர வேறு யாரும் ஓட்டியதே இல்லை.

சிரிப்பு அடக்க முடியவில்லை அவளுக்கு. எட்டு வருடம் கேட்ட பெருமை உள்ளங்கையில் கிடந்தது. கணவனிடம் காட்டினாள். அவனும் சிரிப்பான், ரெண்டு பேருக்கும் பாரம் குறையும் என்று நினைத்தாள். அவன் அந்தச் சில்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது நமக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியக்கூடாது," என்றான்.

இடிப்பு ஒன்றை மறைக்கத் தொடங்கியவர்கள் இப்போது இரண்டை மறைக்க வேண்டியதாயிற்று.

மறுநாளிலிருந்து காலையில் வேலைக்குப் போவதற்கு முன் இரண்டு மணி நேரம், சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்வரை ஒன்றரை மணி நேரம். ஷெட்டுக்குள் அனல். கதவைத் திறக்க முடியாது, காற்றாடி போட்டால் தூசி. பட்டியில் ஹார்ட்னரைக் கலந்தால் ஐந்து நிமிடத்தில் கல்லாகிவிடும். அந்தக் கணக்கு அவளுக்குப் பழக்கம்தான், தினம் பல் அச்சுக்குச் சாந்து கலக்குகிற கை. கொஞ்சம் கொஞ்சமாகப் பூசி, காயவிட்டு, மரக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றித் தண்ணீர் தொட்டுத் தேய்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவிப் பார்ப்பாள். கண் ஏமாந்து போகும், விரல் ஏமாறாது. மேடு தட்டினால் மறுபடியும் முதலிலிருந்து.

தினமும் மாலை ஏழு மணிக்குப் பெரியவர் போன் பண்ணுவார். பேத்தி பால் குடிக்கிறாளாம், கண் விழிக்கிறாளாம். பிறகு, வண்டி எப்படி இருக்கிறது என்பார். கணவன் கை துடைத்துக்கொண்டு எழுந்து நின்றுதான் பதில் சொல்வான். நல்லா இருக்குண்ணே என்பான்.

பெயிண்ட் கடைக்கு, நிறம் காட்டுவதற்காகக் காரின் பெட்ரோல் மூடியைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனாள். கடைக்காரர் பட்டியலில் எண் பார்த்துக் கலந்து கொடுத்தார். அவள் அதை ஒரு தகட்டில் தடவி வாசலுக்குக் கொண்டு வந்து பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தாள்.

"எண் சரியாத்தான் இருக்கு. ஆனா இது பன்னிரண்டு வருஷம் வெயில் தின்ன வண்டி," என்றாள். "கொஞ்சம் மஞ்சள் விடுங்க. ஒரு சொட்டு கறுப்பு."

கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். நான்கு தடவை கலந்தபின் நிறம் பிடிபட்டது. அதை ஸ்ப்ரே டப்பாக்களில் அடைத்துக் கொடுத்தார். பதினெட்டு வருடமாகக் கடை நடத்துவதாகவும், இப்படி ஒரு வாடிக்கையாளர் வந்ததில்லை என்றும், தினம் வர வேண்டாம் என்றும் சொன்னார்.

பெயிண்ட் அடிக்கிற அன்று கண்ணாடிகளையும் மற்ற கதவுகளையும் மூடுவதற்குக் கணவன் காகிதம் வெட்டினான். அச்சகத்து மிச்சக் காகிதம். அளவெடுக்காமல், பார்வையிலேயே வெட்டி ஒட்டினான். ஒவ்வொரு விளிம்பும் மயிரிழை தப்பாமல் உட்கார்ந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இவ்வளவு நன்றாக வேலை தெரிந்தவன் ஒரு மனிதருக்கு ஏன் இப்படிப் பயப்படுகிறான் என்று அவளுக்கு நெஞ்சு வலித்தது. இதெல்லாம் முடிந்ததும் அந்த இரண்டு அறை வீட்டைத் திரும்பக் கேட்டுப் பார்க்கலாமா என்றாள். முதலில் கதவு முடியட்டும் என்றான் அவன்.

முதல் பூச்சு அடித்த அரை மணியில் சர்வேயர் மாடியிலிருந்து குரல் கொடுத்தார். என்னப்பா, தெருவெல்லாம் பெயிண்ட் வாசம்? கணவன் வாய்க்கு வந்ததைச் சொன்னான். எங்க ரூம் கட்டிலுக்குப் பெயிண்ட் அடிக்கிறோம் சார், இரும்பு துருப்பிடிக்குது.

சொன்னதற்காக அடித்துத்தான் ஆக வேண்டும். கதவுக்கு அடித்து முடித்தபின் மிச்சமிருந்த மூன்று டப்பாக்களும் கட்டிலுக்கே போயின. அன்றிலிருந்து அவர்கள் படுத்தது அண்ணன் கார் நிறக் கட்டிலில். புரளும்போதெல்லாம் மேலே ஒட்டுமோ என்று கணவன் ஓரத்திலேயே படுத்தான்.

கதவு நன்றாக வந்தது. காய்ந்தபின் மேலே பளபளப்புப் பூச்சும் அடித்து, மிக மெல்லிய தாளால் தேய்த்து, பாலிஷ் போட்டாள். காலை வெளிச்சத்தில் நான்கு பக்கமும் நின்று பார்த்தாள். அவளுக்கே எங்கே இடித்தது என்று தெரியவில்லை. முதல் தடவையாக அவளுக்கு நிம்மதியாக மூச்சு வந்தது.

பெரியவர் மூன்று நாள் முன்னதாகவே வந்துவிட்டார். வந்ததும் காரைச் சுற்றி வந்தார், துணி எடுத்துத் துடைத்தார், திருப்தியாக உள்ளே போய்க் காபி குடித்தார். கணவன் சமையலறை வாசலில் நின்று சின்னவளைப் பார்த்துக் கண்ணால் சிரித்தான். எட்டு வருடத்தில் அவன் அப்படிச் சிரித்ததே இல்லை.

அந்த நேரம் பார்த்துச் சர்வேயர் வந்தார். பேத்தியை விசாரித்தார், ஊர்க்கதை பேசினார், போகிற போக்கில் உங்க தம்பி கட்டிலுக்கெல்லாம் பெயிண்ட் அடிச்சுட்டார் என்று சொல்லிவிட்டுப் போனார். பெரியவருக்கு ஒரே சந்தோஷம். தம்பி வீட்டுச் சாமானைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிறானே என்று சொல்லி, பார்க்கலாம் வா என்றபடி மாடி ஏறினார். பின்னாலேயே அவர் மனைவி. அவர்களுக்குப் பின்னால் கணவன், அவனுக்குப் பின்னால் சின்னவள்.

பெரியவர் கட்டிலைப் பார்த்தார். குனிந்து கால் பக்கம் பார்த்தார். படி இறங்கி நேராக ஷெட்டுக்குப் போனார், மூவரும் பின்னாலேயே போனார்கள். இடது பின்கதவைத் தடவினார். அங்கே கை நின்றுவிட்டது. வேறு எந்தக் கதவுக்கும் போகாமல் அவர் நேரே அந்த இடத்தில் கை வைத்ததைச் சின்னவள் கவனித்தாள்.

கணவன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். அவள் முந்திக்கொண்டாள்.

"நான்தான் மாமா இடிச்சேன். நானே சரிபண்ணேன். தேய்க்கும்போது உள்ள பழைய பட்டி இருந்துச்சு."

பெரியவரின் மனைவிதான், பழைய பட்டியா, அது எப்படி என்று கேட்டாள். பெரியவர் கதவிலிருந்து கையை எடுத்தார். காது மடல் சிவந்திருந்தது. துணியை நான்காக மடித்தார்.

"அது கம்பெனியிலேயே போட்டு வர்றது," என்றார்.

சின்னவள் கணவனைப் பார்த்தாள். அந்தச் சில்லைத் தன் கையில் வாங்கிப் பார்த்தவன் அவன். இப்போது ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"ஆமா அண்ணி," என்றான் கணவன். "சில வண்டிக்கு அப்படித்தான் வரும்."

அவள் கீழே பார்த்துக்கொண்டாள். தரையில் காகிதத் துணுக்கு ஒன்று கிடந்தது. அதைக் குனிந்து எடுத்தாள், எடுப்பதற்கு ஒன்று கிடைத்ததே என்று இருந்தது.

பெரியவர் அன்று கோபிக்கவில்லை. மாறாக, ராத்திரி சாப்பாட்டின்போது எல்லார் முன்னாலும் அவள் கைத்திறமையை மெச்சினார். இந்தக் கை நம்ம வீட்டை விட்டுப் போகலாமா என்றார். சட்டைப் பையிலிருந்து கார் சாவியை எடுத்து அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். இனிமேல் வண்டி அவளுடையதாம். தனக்குக் கண்ணும் முன்னைப்போல இல்லையாம். கணவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பெரியவரின் மனைவி, மருமகனின் வண்டியிலும் முன்பக்கம் ஒரு நசுங்கல் இருக்கிறது, அதையும் சும்மா ஒரு கை பார்த்துவிடேன் என்றாள். எல்லாரும் தன்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் சின்னவள் சாவியை எடுத்துக்கொண்டாள். இரண்டு அறை வீட்டுக்கு வேறு ஆள் வந்துவிட்டார்கள் என்று பிறகு விசாரித்ததில் தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேத்தியைப் பார்க்க நால்வரும் கிளம்பினார்கள். இரண்டரை மணி நேரப் பயணம். அவள் ஓட்டினாள். பக்கத்தில் பெரியவர், பின்னால் அவர் மனைவியும் கணவனும்.

"ரெண்டாவது கியர் போடும்மா," என்றார் பெரியவர்.

அவள் ஏற்கெனவே போட்டிருந்தாள். தெரு முனை தாண்டியதும் மூன்றாவது போடச் சொன்னார், கண்ணாடி பார்க்கச் சொன்னார், முன்னால் போகும் பஸ்ஸை முந்த வேண்டாம் என்றார். எல்லாம் அன்பாகத்தான் சொன்னார். பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று நின்று போயிற்று, அதன் புகை உள்ளே வந்தது. பின்சீட்டில் கணவன் வாய் பிளந்து தூங்கிவிட்டான்.

பாதி வழியில் பெரியவர் சீட்டைப் பின்னால் சாய்த்து வசதியாக உட்கார்ந்தார். வாராவாரம் இப்படியே போய்விட்டு வந்துவிடலாம் என்றார். அவள் சரி மாமா என்றாள். பஸ் மறுபடியும் நின்றது. அவளும் அதன் பின்னால் நிறுத்திவிட்டு, அவர் சொல்வதற்குக் காத்திருந்தாள்.