கசகசா அளவில் உலகம்மாள்

அந்த ஊரில் கோபித்துக்கொண்டவர்கள் சிறுத்துப்போவார்கள். கோபம் தணிந்தால் பழையபடி வளர்ந்துவிடுவார்கள். சில்லறைக் கோபம் என்றால் முழங்கால் உயரம், அடுத்த சாப்பாட்டுக்குள் சரியாகிவிடும். மாமியாரும் மருமகளும் ஒன்றாக இருக்கிற வீட்டுக்குள் யாரும் பார்த்துத்தான் கால் வைப்பார்கள்.

ஸ்டூடியோ வைத்திருந்த ஆவுடையப்பனின் மனைவி உலகம்மாள் கசகசா அளவுக்கு வந்துவிட்டாள். ஜன்னலோரம் ஒரு தீப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். அதற்கும் கீழே போனால் எறும்புகள் வந்து பிறந்த வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடும். அப்படிப் போனவளை அண்ணன் தம்பிமார் திருப்பி அனுப்பியதாக அந்தப் பக்கத்தில் பேச்சே இல்லை. எறும்புகள் வாசற்படிவரை வந்து, அவசரமில்லாமல் காத்திருந்தன.

ஆவுடையப்பனுக்குப் பூச்சி புழுக்களைப் படமெடுப்பதில் பைத்தியம். பொடிசுகளைப் பெரிதாகக் காட்டும் மேக்ரோ லென்ஸ் வாங்க உலகம்மாளின் வளையலைக் கேட்டான். அன்றுதான் அவள் சிறுத்தாள். வேறு காரணம் என்ன இருக்க முடியும்? வளையலைக் கேட்டது தப்பு என்று தீப்பெட்டிக்கு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டான். அரிசியாக இருந்தவள் கடுகானாள். அல்வா வாங்கிவந்து ஊசிமுனையில் தொட்டு வைத்தான். கடுகு கசகசா ஆயிற்று. தப்பான காரணத்துக்கு மன்னிப்புக் கேட்டால் அந்த ஊரில் கோபம் ஏறத்தான் செய்யும்.

அவள் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பதாகத்தான் அவனுக்குத் தோன்றியது. குரல் கேட்கவில்லை. வாயைப் பார்த்தாவது புரிந்துகொள்ளலாம் என்று கேமராவைக் கிட்டே கொண்டுபோனால் கலங்கல். தள்ளிப் போனால் வெறும் புள்ளி.

கேமரா பழுதுபார்க்கும் சையதண்ணனிடம் ஓடினான்.

"மேக்ரோ லென்ஸ் ஒன்னு இரவலாக் கெடைக்குமா அண்ணே? எறும்பு வாசலுக்கு வந்துட்டு."

"அதுக்கு நான் எங்கலே போவேன்?" சையதண்ணன் ஒரு டப்பாவை எடுத்தார். உள்ளே நான்கு வட்டக் கண்ணாடிகள். "க்ளோசப் லென்ஸ். ஒங்கிட்ட இருக்க லென்சு மூஞ்சியில திருகிப் போடு. இல்லாதவனுக்கு இதான் மேக்ரோ. ஓரமெல்லாம் கொஞ்சம் மழுங்கும், நடுவுல பளிச்சுன்னு விழும். ஃபோகசத் திருகாத, நீ முன்னப் பின்ன அசைஞ்சு பிடி. மூச்ச அடக்கிக்கோ."

ஆனைக்கு வைத்திருந்த ஆசையைப் பூனையிடம் காட்டுவதுபோலத்தான் அவன் அதை வாங்கிக்கொண்டான். நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகி, தரையில் குப்புறப் படுத்தான். அவள் இல்லாத வீட்டை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

முதல் படத்தில் ஒரு மூட்டம். அடுத்ததில் காது. காதுக்கும் மூக்குக்கும் இடையில் இருக்கிற தூரத்தைக்கூட அந்தக் கண்ணாடி பொறுக்காது. மயிரிழை முன்னே நகர்ந்து, மூச்சை அடக்கி, இன்னொன்று எடுத்தான். முகம் விழுந்துவிட்டது.

பெரிதாக்கிப் பார்த்தான். உலகம்மாள் எதுவும் பேசவில்லை. கூந்தலை ஒதுக்கி, பொட்டைச் சரிசெய்து, நேராக லென்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளை ஒரு படம்கூட எடுத்ததில்லை. சொந்தக் கல்யாணத்திலேயே மாலையும் கழுத்துமாகக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய், வாழைமரத்தில் ஏறிய கட்டெறும்பைத்தான் எடுத்திருந்தான்.

ஆவுடையப்பனுக்கு அழுகை வந்தது. அழுதால் கேமரா ஆடும் என்பதால் அதை அடக்கிக்கொண்டு அடுத்ததை எடுத்தான்.

அவள் கடுகாகியிருந்தாள். வெளியிலிருந்த கண்ணாடியைக் கழற்றினான். எடுத்தான். அரிசியானாள். இன்னொன்றைக் கழற்றினான். புளியங்கொட்டை. எறும்புகள் ஒன்றையொன்று பார்த்துவிட்டு எதிர்வீட்டுக்குப் போயின, அங்கே ஒரு மருமகள் இருந்தாள். மிச்சமிருந்த இரண்டையும் கழற்றியபோது தீப்பெட்டி நசுங்கியது, குரலும் கேட்டது.

"இப்பவாது கண்ணு தெரிஞ்சுதே."

"தெரிஞ்சுட்டு உலகு. தெரிஞ்சுட்டு."

"சும்மா தெரிஞ்சாப் போதுமா? எடுங்க."

எடுத்தான். பழையபடி அவன் தோள் உயரத்துக்கு வந்தாள். அவனுக்கு உடம்பு இலவம்பஞ்சாகிவிட்டது. இத்தோடு போதும் என்று யாரும் சொல்லவில்லை, அவனுக்கும் நிறுத்த மனமில்லை. எடுக்க எடுக்க அவள் இன்னும் வளர, முழுசாகப் பிடிப்பதற்காக வெறும் லென்ஸோடு எடுத்துக்கொண்டே பின்வாங்கினான். அவள் தலை மின்விசிறியைத் தொட்டது, அவன் கூடத்துக்கு வந்தான். பக்கத்து வீட்டுக்காரர் ஏணி வைத்து ஏறி ஓடுகளைப் பிரித்து வழிவிட்டார். அவன் தெருவுக்கு வந்தான். பிறகு பஸ் நிறுத்தத்துக்கு வந்தான்.

"முழுசா விழுந்துச்சா?" தென்னைகளுக்கு மேலேயிருந்து உலகம்மாள் கேட்டாள். குரலில் அப்படி ஒரு குளிர்ச்சி.

"இடுப்பு வரைக்கும்தான் வருது!"

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இறங்கி, அண்ணாந்து ஒரு பார்வை பார்த்து, டிக்கெட் கட்டைப் புரட்டினார்.

"அடுத்த ஸ்டாப்புல எறங்குனீங்கன்னா படத்துல தல கட்டாயிரும் அண்ணாச்சி. ஆலங்குளத்துக்கு எடுத்துக்கிடுங்க."

ஆவுடையப்பன் ஆலங்குளத்துக்கு ஒரு டிக்கெட் எடுத்து, கடைசி சீட்டில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டான்.