உப்புப் பானையில் கிடந்த மூக்குத்தி

அம்மாவின் பாதங்களில் மஞ்சள் பூசிக்கொண்டிருந்த பூங்குழலி, மொபெட் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடினாள். பெரியப்பா மகன் தமிழரசன் தனியாகத்தான் வந்திருந்தான்.

"மாமா வரலியாண்ணே?"

"சாவு வூட்டுல திருடனுக்கு இன்னா வேலைன்னு கேக்குறாரு. நான் இன்னா சொல்றது?"

ஒப்பாரி வைத்த பெண்கள் அப்படியே நிறுத்திவிட்டார்கள். பிறந்த வீட்டுக் கோடிப் புடவை போர்த்தாமல் சுமங்கலியை எப்படித் தூக்குவது? அம்மா முத்தம்மாளுக்குப் பிறந்த வீடென்று இருப்பது பெருமுக்கல்லில் இருக்கும் அண்ணன் சகாதேவன் ஒருவர்தான். வெயில் வேறு ஏறிக்கொண்டே போனது. உப்பளத்து வெயில் நடமாடுகிறவனையே உரித்துவிடும், கிடத்தி வைத்த உடம்பை விட்டுவைக்குமா?

எல்லாம் பூங்குழலியின் நிச்சயதார்த்தத்தில் வந்த வினை. சுனாமிக்கு மறு ஆவணியில், தாய்மாமன் சீர்த்தட்டோடு படியேறினார். முத்தம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இந்தத் திருட்டுப் பய என் மூக்குத்திய எடுத்துக்கினு பூட்டான்!" என்று சட்டையைப் பிடித்து உலுக்கினாள். தட்டு தரையில் உருண்டது. மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போனார்கள். மாமாவும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். அதற்குப் பிறகு அந்தப் படியை அவர் மிதிக்கவில்லை.

தேடிப் பார்த்தால், மூக்குத்தி உப்புப் பானைக்குள் கிடந்தது. ஒளித்துவைத்தவள் முத்தம்மாளே. பூங்குழலி அதைக் கழுவி அம்மாவின் மூக்கிலேயே போட்டுவிட்டு, மாமாவுக்கும் ஆள்விட்டுச் சொன்னாள். பேய் என்று வேப்பிலை அடித்துப் பார்த்த பிறகு, இது அல்சைமர் என்கிற மறதி நோய் என்று பாண்டிச்சேரி டாக்டர் சொன்னார். அந்தப் பேர் ஊரார் வாயில் நுழையவில்லை. 'பைத்தியக்காரி வீடு' மட்டும் நன்றாக நுழைந்தது.

"வண்டிய எடுண்ணே," என்றாள் பூங்குழலி.

"பொணத்தப் போட்டுட்டு எங்கடி போற?" என்று கத்தினாள் பக்கத்து வீட்டு வேலம்மாள்.

"போவட்டும் வுடும்மா," என்றார் அப்பா பஞ்சநாதன்.

பெருமுக்கல்லில் சகாதேவன் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"மாமா, திட்டனத அம்மா மறுநாளே மறந்துடுச்சு. என்னையே யாருன்னு தெரியல. ஆனா பொழுது சாஞ்சா வாசப்படில போயி குந்திக்கும். 'எங்கண்ணன் வரும், என்னக் கூட்டிக்கினு போவும்'னு சொல்லும். தெனம் சொல்லும் மாமா. சொன்னவங்க மறந்துட்டாங்க. நீங்கதான் புடிச்சிக்கினு இருக்கீங்க."

தவிட்டுக் கை நின்றது.

"திருடன்னு சொன்னது ஊருக்கே கேட்டுச்சு. மூக்குத்தி கெடச்சது யாருக்கும்மா கேட்டுச்சு?"

மாமா கேட்டது நியாயம்தானே! அம்மாவே ஒளித்தாள் என்று அப்போது வெளியே தெரிந்தால் அடுத்த வரனும் வராது என்று அப்பா அதை மூடி மறைத்தார். மூக்குத்தி மறுபடி அம்மா மூக்கில் ஏறியதைப் பார்த்தவர்கள், மாமாதான் திருப்பிக் கொடுத்தார் என்று நினைத்துக்கொண்டார்கள். பூங்குழலியும் சும்மா இருந்துவிட்டாள். வரன் என்னவோ எப்படியும் வரவில்லை. அழுதுகொண்டே வண்டியில் ஏறினாள்.

கோடி இல்லாமலே தூக்கிவிடலாம் என்று பெரியவர்கள் பேசி முடிக்கும் நேரத்தில் வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. சகாதேவன் புதுப் புடவையோடு இறங்கினார். யார் முகத்தையும் பார்க்காமல் வந்து தங்கைக்குப் போர்த்தினார். கூட்டத்தில் யாரோ கிசுகிசுத்தார்கள். அவர் காது சிவந்தது.

"மூக்குல கெடக்கறதக் கழட்டும்மா, நேரமாவுது," என்றாள் வேலம்மாள்.

பூங்குழலி திருகாணியைத் திருகி மூக்குத்தியைக் கழற்றினாள். வாங்கிக்கொள்ள அப்பா கையை நீட்டினார். அவள் அவரைத் தாண்டிப் போய் மாமாவின் உள்ளங்கையில் அதை வைத்தாள்.

"அம்மா மூக்குத்தி மாமா. அன்னிக்கி உப்புப் பானையில அம்மாவேதான் ஒளிச்சி வெச்சிருந்திச்சி," என்றாள், தெரு முழுக்கக் கேட்கும்படி. "நீங்க எடுக்கல."

பஞ்சநாதன் தலையைக் குனிந்துகொண்டார். பாடையைத் தூக்கினார்கள். தெருமுனை திரும்பும்வரை சகாதேவன் கையை மூடவே இல்லை. உள்ளங்கையை விரித்து முன்னால் நீட்டியபடியே தங்கைக்குப் பின்னால் நடந்தார்.