கண்ணாடித் தடுப்பு

என் வீட்டுக்காரருக்குக் கண்ணாடிக் கடை. உலகத்தில் எந்தச் சிக்கலுக்கும் ஒரு கண்ணாடியை வெட்டிப் பொருத்தினால் தீர்வு கிடைத்துவிடும் என்று நம்புகிறவர். ஹாலில் இருக்கும் மீன்தொட்டிகூட அவர் கையால் ஒட்டியதுதான். அதில் சிக்லிட் என்கிற குட்டி மீன் ஒரு ஜோடி நன்றாகத்தான் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுப்பதில் இவருக்கு இணை யார்? இன்னொரு ஜோடியும் வாங்கி வந்தார்.

"ஒரே தொட்டியில ரெண்டு ஜோடியா? ஒரு உறைக்குள்ள ரெண்டு கத்தி நிக்காதுங்க," என்று மீன் கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்திருக்கிறார்.

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டு வந்த இவர், தொட்டிக்கு நடுவில் பளிச்சென்று ஒரு கண்ணாடியை நிறுத்தினார். இந்தப் பக்கம் ஒரு ஜோடி, அந்தப் பக்கம் ஒரு ஜோடி, ஆளுக்கொரு மண்சட்டி. "எப்படி?" என்று என்னைப் பார்த்தார். நான் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அங்கேயும் இதே வேலையைத்தான் செய்து வைத்திருந்தார்.

மகனுக்குக் கல்யாணம் ஆனதும், மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்பில் ஒத்துப்போக மாட்டார்கள் என்று இவரே முடிவுகட்டி, பெரிய சமையலறையை இரண்டாக்கினார். நடுவில் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. "வெளிச்சம் குறையாது பாரு!" வெளிச்சம் குறையவில்லைதான். மருமகள் வெங்காயத்தை எத்தனை தடிமனாக நறுக்குகிறாள், குழாயை எவ்வளவு நேரம் திறந்து விடுகிறாள், எல்லாம் தெரிந்தது. நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் என் முகம் இருக்கிறதே, அது ஊருக்கே ஒலிபெருக்கி. கொஞ்ச நாளில் அவள் எனக்கு முதுகைக் காட்டி நின்று சமைக்கப் பழகிக்கொண்டாள்.

ஒரு நாள் மகன் மென்று முழுங்கிச் சொன்னான். "அம்மா, ஆபீஸ் பக்கத்துல ஒரு வீடு பாத்திருக்கோம். அடுத்த மாசம் போயிடலாம்னு..."

"நல்லதுப்பா," என்றேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

தொட்டியிலும் நிலைமை சரியில்லை. ஆண் மீன்கள் இரண்டும் துடுப்பை விரித்துக்கொண்டு கண்ணாடியே கதியென்று முறைத்துக்கொண்டிருந்தன. இந்தப் பக்கத்துப் பெண் மீன் உடம்பெல்லாம் மஞ்சளாகி, சட்டிக்குள் முட்டை வைத்துக் காவல் காக்கும். எதிர்வீட்டுக்காரி கண்ணில் பட்டதும் முட்டையை அப்படியே விட்டுவிட்டுச் சண்டைக்கு ஓடும். கடைசியில் அதுவே முட்டைகளைத் தின்றுவிட்டது. இவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மருமகள் தொட்டி முன்னால் குனிந்து பார்த்தாள். "பாவம் மாமா. எந்நேரமும் ஒருத்தி பாத்துக்கிட்டே இருந்தா, அது எப்படிக் குடும்பம் நடத்தும்?"

மீனைத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது.

அவள் உள்ளே போனதும் இவரைப் பிடித்துக்கொண்டேன். "முதல்ல தொட்டியில இருக்கிற கண்ணாடியை எடுங்க. கல்லு, வேர்க்கட்டை, செடின்னு நடுவுல நிறைய வைங்க. ஒண்ணு மூஞ்சி ஒண்ணுக்குத் தெரியக்கூடாது. அப்புறம் சமையலறைக்குப் பலகை அடிங்க."

"பலகையா? கண்ணாடிக்காரன் வீட்டுலயா? ஊர் சிரிக்கும்டி!"

"சிரிக்கட்டும்."

"பால் கண்ணாடி போடறேனே. மங்கலா நிழல் மட்டும்தான் தெரியும்."

"என் நிழலுக்கும் மூஞ்சி உண்டுங்க. பலகை."

முணுமுணுத்துக்கொண்டே இரண்டு வேலையையும் முடித்தார். தொட்டியில் செடிக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம் என்று அடங்கின. எப்போதாவது எல்லையில் உரசல் வரும். உடனே அவரவர் சட்டிக்குத் திரும்பிவிடும். சில நாளில் மஞ்சள்காரியின் பின்னால் தூசி தூசியாகக் குஞ்சுகள் நீந்தின. ஏதோ தானே பெற்றதுபோல் இவர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டார்.

சமையலறையில் ஜன்னல் மருமகள் பக்கம். என் பக்கம் ஒரே இருட்டு. பகலிலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு, பலகையைப் பார்த்தபடி சமைத்தேன். அந்தப் பக்கம் என்ன நடக்கிறதென்று தெரியாமல் எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. மகனும் வீட்டைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. நானும் பயந்துகொண்டு கேட்கவில்லை.

இன்று காலை மருமகள் ஹாலைச் சுற்றிக்கொண்டு என் சமையலறை வாசலில் வந்து நின்றாள். கையில் கரண்டி. இந்தப் பக்கம் அவள் காலெடுத்து வைத்ததே இல்லை.

"அத்தை, குழம்புல உப்பு சரியா இருக்கா, கொஞ்சம் பாருங்களேன்."

உள்ளங்கையில் விட்டு நக்கினேன். உப்பு துளிகூட இல்லை. முகத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "சரியா இருக்கும்மா. அருமையா இருக்கு."

அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "இன்னும் உப்பே போடல அத்தை!"

எனக்கு மானம் போயிற்று.

"பலகை அடிக்கச் சொன்னதே நீங்கதான்னு மாமா சொன்னாரு. இப்ப எனக்காக இவ்வளவு பெரிய பொய் வேற சொல்றீங்க. உங்கள விட்டுட்டு எங்க போறது? அந்த வீடு வேணாம்னு உங்க பிள்ளைகிட்ட சொல்லிட்டேன்."

"போ, போய் முதல்ல உப்பைப் போடு," என்று விரட்டினேன். குரல் உடைந்தது அவளுக்கும் கேட்டிருக்கும்.