தொடர்புடைய இரு வாக்கியங்கள்

பெரம்பலூரில் நடக்கும் விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு இந்த வருஷம் நீங்கள் போக வேண்டாம் என்று தலைமையாசிரியர் அம்பிகாவிடம் தாமாகவே சொன்னார். கணவன் குழந்தைவேல் இறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. கேட்டால் விலக்குக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் அம்பிகா கேட்கவில்லை. வீட்டில் உட்கார்ந்திருப்பதும் அங்கே போய் உட்கார்ந்திருப்பதும் அவளுக்கு ஒன்றுபோலத்தான் இருந்தது. காலையில் அரியலூரில் பஸ் ஏறினாள். கூடவே அதே பள்ளியில் அவளைப் போலவே தமிழ் நடத்தும் சிவரஞ்சனியும் ஏறினாள். சிவரஞ்சனி வழிநெடுகப் பேசிக்கொண்டு வந்தாள். அம்பிகா தலையாட்டிக்கொண்டு வந்தாள்.

குழந்தைவேலுக்கு ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலை வேலை. அவன் இறந்ததற்கு முதல் நாள் ஜெயங்கொண்டத்தில் அம்பிகாவின் தங்கை மகளுக்குக் காதுகுத்து. கட்டாயம் வருகிறேன் என்று சொன்னவன், நண்பனுக்காக ஷிப்ட் மாற்றிக்கொண்டு வராமலே இருந்துவிட்டான். ராத்திரி அவள் அவனோடு பேசவில்லை. விடியுமுன் கிளம்பும்போது டீ போட்டுத் தரச் சொல்லிக் கூப்பிட்டான். விழித்திருந்தும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வண்டியை உதைத்துக் கிளப்பும் சத்தம் கேட்டது. வழியில் விளக்குப் போடாமல் நின்றிருந்த டிராக்டரில் போய் மோதினான்.

உடலை எடுப்பதற்கு முன், கூடவே இருக்கும் மாமியார் பொன்னம்மாள் அத்தனை பேர் நடுவில் மாரில் அடித்துக்கொண்டு, இவள் முகங்கொடுத்துப் பேசியிருந்தால் என் பிள்ளை கவனமாகப் போயிருப்பானே என்று கதறினாள். அந்த ஒரு தடவைதான். பிறகு அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அம்பிகா அப்போதும் அழவில்லை, அதற்கப்புறமும் அழவில்லை.

முகாமில் விடைத்தாள் கட்டைப் பிரித்துத் திருத்திக்கொண்டிருந்தபோது ஒரு கேள்வியில் சச்சரவு வந்தது. ஒன்றோடொன்று தொடர்புடைய வாக்கியங்களை அரைப்புள்ளியிட்டு இணைக்க வேண்டும், தொடர்பில்லாதவற்றை முற்றுப்புள்ளி வைத்துத் தனித்தனியே விட வேண்டும். மழை பெய்ததற்கும் ஏரி நிரம்பியதற்கும் யாரும் தகராறு செய்யவில்லை. அடுத்த ஜோடிதான் தொல்லை. அக்கா பேசவில்லை. தம்பி பேருந்தில் ஏறினான். விடைக்குறிப்பு இவற்றைத் தொடர்பில்லாதவை என்றது. பிள்ளைகளில் பாதிப்பேர் அரைப்புள்ளி போட்டு இணைத்திருந்தார்கள்.

பூலாம்பாடியிலிருந்து வந்திருந்த வீரமணி, பிள்ளைகள் செய்ததுதான் சரி என்று எழுந்து நின்றார். அக்கா கோபித்துக்கொண்டு பேசவில்லை, அந்த வருத்தத்தில் தம்பி ஊருக்குக் கிளம்பிவிட்டான். படிக்கும்போதே தெரியவில்லையா என்றார். கோபம் என்று கேள்வியில் எங்கே இருக்கிறது என்று இன்னொருவர் கேட்டார். முதன்மைத் தேர்வாளர் கிருஷ்ணமூர்த்தி நிதானமான மனிதர். எல்லோருடைய கருத்தையும் கேட்டுவிடலாம் என்று மேசை மேசையாக வந்தார். சிவரஞ்சனி தொடர்பு உண்டு என்றாள். சொன்ன பிறகுதான் பக்கத்தில் இருப்பது யார் என்று உறைத்ததுபோலக் குனிந்துகொண்டாள்.

"நீங்க என்ன சொல்றீங்க டீச்சர்?"

"தொடர்பில்லைங்க சார்" என்றாள் அம்பிகா. காலையிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "அவ பேசியிருந்தாலும் அவரு கெளம்பித்தான் இருப்பாரு. டூட்டிக்கு நேரமாயிடுச்சுல்ல."

கிருஷ்ணமூர்த்தி கையிலிருந்த வினாத்தாளைப் பார்த்தார். அதில் டூட்டி இல்லை. வீரமணி மெல்ல உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, மேலதிகாரிகளைக் கேட்டுவிட்டு வந்து முடிவைச் சொன்னார் கிருஷ்ணமூர்த்தி. இணைத்திருந்தாலும் மதிப்பெண், பிரித்திருந்தாலும் மதிப்பெண்.

"ரெண்டுக்குமா சார்?" என்று கேட்டாள் அம்பிகா.

"ரெண்டுக்கும் போட்டுடுங்கம்மா."

அவள் திருத்தி முடித்த தாள்களைத் திரும்ப எடுத்தாள். அக்கா பேசாததையும் தம்பி போனதையும் சேர்த்து எழுதியிருந்த ஒவ்வொரு பிள்ளைக்கும், முன்பு போட்ட சுழியை அடித்து, மதிப்பெண் போட்டு, பக்கத்தில் கையெழுத்து வைத்தாள். கை அதுபாட்டுக்குச் செய்தது. யாருக்கோ யாரோ போடுவதுபோல இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் சிவரஞ்சனி ஒன்றும் பேசாமல் வந்தாள்.

வீட்டில் பொன்னம்மாள் சோறாக்கி வைத்திருந்தாள். இரண்டு தட்டிலும் போட்டுக் குழம்பு ஊற்றினாள். அம்பிகா கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். சாப்பிடாமல், தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அத்த, அன்னைக்கு அவரு கூப்புட்டப்ப நான் தூங்கல. முழிச்சுக்கிட்டுதான் இருந்தேன்."

பொன்னம்மாள் கரண்டியைச் சட்டிக்குள் விட்டாள்.

"தெரியும்" என்றாள். "எனக்கும் கேட்டுச்சு. நானும் முழிச்சுக்கிட்டுதான் கெடந்தேன். பொண்டாட்டி எந்திரிச்சுப் போட்டுக் குடுக்கட்டுமேன்னு கெடந்துட்டேன்."

முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு குலுங்கினாள். அம்பிகாவுக்கு அழுகை வரும்போல இருந்தது, வரவில்லை. எழுந்து போய் மாமியாரின் பக்கத்தில், தோள் படும்படி உட்கார்ந்தாள். பொன்னம்மாள் நகர்ந்து இடம் கொடுத்தாள்.