முன்வாசல் கோடி

அஜிதா நாடி பிடித்துப் பார்த்துத் தலையை ஆட்டிய பிறகும் ஆக்சிஜன் மெஷின் உறுமிக்கொண்டே இருந்தது. உலகம்மாள்தான் எழுந்து போய் வயரைப் பிடுங்கினாள். சத்தம் நின்றதும் அறை சட்டென்று பெரிதாகிவிட்டது போலிருந்தது. கணவர் வள்ளிநாயகம் பிள்ளையின் மூக்கிலிருந்த குழாயை எடுத்துச் சுருட்டி மெஷின்மேல் வைத்தாள். வெள்ளைத் துணியைக் கிழித்து அவர் தாடையைத் தூக்கிக் கட்டினாள்.

"அம்மா, நீங்க இரிங்க. நான் செய்யுதேன்" என்றாள் அஜிதா. நீலப் பாதுகாப்பு உடுப்புக்குள் அவள் முகம் தெரியவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் கண் கலங்கியிருந்தது.

"நீ மெஷினக் கொண்டு போ. தெக்குத் தெருவில ஒரு பொண்ணு மூச்சு கிட்டாம கெடக்காண்ணு நேத்து சொன்னியே. எங்க வீட்டுல அது வெறுதே கெடந்துதுண்ணு பேரு வரப்பிடாது."

குளத்தங்கரைச் சமுதாய நலக்கூடத்தின் மெஷின் அது. கல்யாணமும் காதுகுத்தும் நடந்த கூடம் கொரோனாவின் இந்த இரண்டாம் அலையில் வேறு கோலம் பூண்டிருந்தது. மேடையில் கட்டில் போட்டிருந்தார்கள். விடியும் முன்பே சமையல்கட்டில் உலை கொதிக்கும். நோய் கண்டு கதவடைத்த வீடு எந்தத் தெருவில் இருந்தாலும் சோறும் மருந்தும் அங்கிருந்துதான் போயின. நர்ஸ் படிப்பு முடித்த அஜிதாவும், முட்டத்திலிருந்து வந்து மீன் வண்டி ஓட்டும் கிளீட்டஸும், ஆட்டோக்கார ரத்தினமும் வீட்டுக்கே போகாமல் அங்கே கிடந்தார்கள்.

அந்தக் கூடம் திறந்தபோது வாசலில் பதிக்க, நன்கொடை கொடுத்தவர்கள் பெயர் வெட்டிய கல் மயிலாடியிலிருந்து வந்தது. அதில் தன் பெயர் மூன்றாவதாக இருந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பிய வள்ளிநாயகம் பிள்ளை பிறகு அதன் படியை மிதித்ததே இல்லை. அது உலகம்மாளுக்குச் சரியாகவே பட்டது. மூன்றாவதாக நிற்கிற குடும்பமா இது?

அவர் படுக்கையில் விழுந்த மறுநாள் கிளீட்டஸ் சாப்பாட்டுப் பொதியோடு நடையில் வந்து நின்றான். அவள் கை நீட்டவில்லை. பத்தாயத்து நெல்லைக் குத்தி வைத்திருந்த அரிசி மூட்டையைக் காட்டினாள்.

"இத எடுத்துக்கிட்டுப் போயி பொங்கு. நாலு வீட்டுக்கும் குடு. எங்களுக்கும் கொண்டா."

"அம்மா, இது சும்மா குடுக்கதுதான்."

"அதனாலதான் சொல்லுகேன்."

அதன் பிறகுதான் பொதி வீட்டுக்குள் வந்தது. நோய்க் காலத்தில் ஊரான் சோறு தின்றார்கள் என்று எவனும் சொல்ல முடியாது.

ஷார்ஜாவிலிருந்து மகன் சுதீஷ் போனில் அழுதான். விமானம் இல்லை. "அழாத மக்கா. கொள்ளி வைக்க நீ வந்தாலும் அங்க கரண்டு மயானத்துல சுவிட்சுதானாம்" என்றாள். வைத்த கையோடு அடுத்த அழைப்பு வந்தது. எதிர்வீட்டு முத்துநாயகம். செத்தவருக்குச் சித்தப்பா மகன். அவள் ஜன்னல் வழியே பார்த்தாள். அவன் தன் வீட்டு மாடியில் முகக்கவசம் மாட்டிக்கொண்டு, போனைக் காதில் வைத்தபடி நின்றான். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு தெரு அகலம்தான்.

"மைனி, அண்ணன் போயிட்டாருண்ணு கேள்விப்பட்டேன். சங்கடந்தான். ஒரு காரியம் சொன்னா கோவிச்சுக்கப்பிடாது. பின்பக்கத்துச் சந்து வழியா எடுத்திருங்க. ஆம்புலன்ஸ் அங்கயும் வரும். தெருவில சின்னப் பிள்ளைய இருக்கு பாத்துக்கிடுங்க."

"பின்பக்கம் எருக்குழில்லா இருக்கு, கொழுந்தனாரே."

"காலம் அப்படி மைனி. நான் சொல்லல, ஊரு சொல்லுது."

"ஊருண்ணா யாரு? ஒம்ம அப்பா செத்தண்ணைக்கு ஒம்ம அண்ணன் வாசல்ல நிண்ணு கோடி விளிச்சாரே, அந்தத் தொண்டையா எருக்குழி வழியா போணும்?"

மாடியில் அவன் போனைக் காதிலிருந்து எடுத்தான். மறுபடியும் வைத்தான். 

கோடி என்பது அந்தத் தெருவில் பிணத்துக்குப் போர்த்தும் புதுத்துணி. உற்றார் ஒவ்வொருவராக வந்து போர்த்துவார்கள். வாசலில் நிற்கிற பெரியவர் ஒருவர், இது இன்னார் வீட்டுக் கோடி என்று தெரு முழுக்கக் கேட்கும்படி விளிப்பார். எத்தனை பெயர் விளிக்கப்பட்டதோ அத்தனை மதிப்பு செத்தவனுக்கு. வடக்குத் தெருவில் அப்படி விளிக்கிறவர் வள்ளிநாயகம் பிள்ளைதான். யார் வீட்டுச் சாவுக்கும் அவர் கோடி இல்லாமல் போனதில்லை. அவர் குரல் இல்லாமல் யார் பிணமும் தெருவிறங்கியதில்லை.

கிளீட்டஸும் ரத்தினமும் அவரை உறையில் வைத்து மூடித் தூக்கினார்கள். ரத்தினம் இந்த வீட்டுக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறான், எல்லாம் கொல்லைப்புறமாக. வீட்டின் நடுக்கூடத்தில் வந்து தயங்கினான்.

"எந்த வழிம்மா?"

"முன்வாசல். கால் முன்னால வரட்டு."

தெருவில் ஆம்புலன்ஸ் நின்றது. முற்றத்துப் பெஞ்சில் உறையை இறக்கி வைக்கச் சொன்னாள் உலகம்மாள். அவளுக்கும் காய்ச்சல் விட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. தூணைப் பிடிக்காமல் நின்றாள்.

"அம்மா, மயானத்துல நேரம் குடுத்திருக்கு" என்றான் கிளீட்டஸ்.

"கோடி விழாம இந்த வீட்டு ஆம்பள படியிறங்குனதில்ல."

"கோடிண்ணா புதுத்துணியா? நான் ஓடிப் போயி..."

"துணி எனக்க பெட்டியில நெறைய கெடக்கு. கொண்டு வந்து போட ஆளு வேணும்லே."

அவள் வாசல் கதவைத் திறந்து தெருவைப் பார்த்து நின்றாள். பெண்பிள்ளை தெருவைப் பார்த்துக் குரல் உயர்த்துகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

"மேலவீடு! ஒங்க அம்மைக்கு இவரு கோடி போட்டாரு. கணக்கர் வீடு! ஒங்க மூத்தவன் ரயில்ல அடிபட்டுக் கெடந்தப்ப, துண்டு துண்டாக் கெடந்தவன் மேல மொதக் கோடி இவரு போட்டது. புத்தன்வீடு! ஏ முத்துநாயகம்! யாரு வாறிய?"

ஒரு வீட்டில் திரைச்சீலை அசைந்தது. எங்கோ டிவியின் சத்தத்தைக் குறைத்தார்கள். யாரும் வரவில்லை. வெயில் மட்டும் தெரு முழுக்க நின்றது.

ரத்தினம் மெல்ல ஆட்டோவுக்குப் போனான். நலக்கூடத்துக் கட்டில்களுக்கென்று வாங்கிய வேட்டிகளும் போர்வைகளும் அதில் கட்டாகக் கிடந்தன. மடிப்புக் கலையாத வேட்டி ஒன்றை எடுத்து வந்து, உறைக்குக் கொஞ்சம் தள்ளி நின்றான்.

"இது சொந்தக்காரங்க போடதுதான். எனக்குத் தெரியும். நான் போடலாமாம்மா?"

 இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து உலகம்மாள் காத்த முறைகளெல்லாம் எழுந்து வந்து அவள் முன்னால் நின்றன. மாடியில் முத்துநாயகம் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். 

"ஒனக்க வீட்டுப் பேரு என்னலே?"

"எங்களுக்கு என்னம்மா வீட்டுப் பேரு? முன்ன ஓல மேஞ்ச பெர, இப்போ ஷீட்டு மேஞ்சது."

அவள் தெருப்பக்கம் திரும்பினாள். முதுகு நிமிர்ந்தது. வள்ளிநாயகம் பிள்ளை இழுத்து விளிப்பாரே, அதே இழுப்பில் அவள் குரல் புறப்பட்டது.

"குளத்தங்கரை ரத்தினம் வீட்டுக் கோடி!"

ரத்தினம் வேட்டியை விரித்துப் போர்த்தினான். உறைக்குள் இருக்கிறவருக்குக் குளிரும் என்பதுபோல ஓரத்தை இழுத்துச் சரிசெய்தான்.

"நீ என்ன பாத்துக்கிட்டு நிக்க? வா" என்றாள் கிளீட்டஸிடம். அவன் ரத்தினத்திடம் ஒரு துணியை வாங்கிப் போர்த்திவிட்டு, கை பழகிய பழக்கத்தில் சிலுவை போட்டான். போட்ட பிறகு திடுக்கிட்டு அவளைப் பார்த்தான்.

"இருக்கட்டும். ஒனக்க சாமியும் பாக்கட்டு. முட்டம் கிளீட்டஸ் வீட்டுக் கோடி!"

"பொம்பளைய போடலாமா?" என்று கேட்டாள், மெஷினைத் தெற்குத் தெருவில் சேர்த்துவிட்டுத் திரும்பியிருந்த அஜிதா.

"பொம்பள விளிக்கேன்லா? நீ போடு, ஏட்டி. அம்மைக்க பேரு என்ன?"

"தங்கபாய்."

"தங்கபாய் மக அஜிதா கோடி!"

கடைசியாக ஒரு போர்வையை அவளே எடுத்து மூன்று பேர் கையிலும் கொடுத்துப் பிடிக்கச் சொன்னாள். அப்போதுதான் அவள் குரல் ஒரு தடவை உடைந்தது. நின்று, இருமி, சரியாக்கிக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து விளித்தாள்.

"குளத்தங்கரைச் சமுதாய நலக்கூடத்துக் கோடி!"

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. முத்துநாயகம் கண்ணாடித்தாள் உறை பிரிக்காத வேட்டியோடு இறங்கி வந்தான். அவள் வீட்டு மதிலுக்கு வெளியே, தெருவிலேயே நின்றுவிட்டான்.

"மைனி..."

உலகம்மாள் அவனைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த வேட்டி சரிகைக் கரை போட்டது. நல்ல விலை இருக்கும்.

"கோடி முடிஞ்சாச்சு" என்றாள். "எடுங்கலே."

அவர்கள் தூக்கினார்கள். கால் முன்னால் போயிற்று. ஆம்புலன்ஸ் வடக்குத் தெருவில், மூடிய வாசல் ஒவ்வொன்றையும் தாண்டி, தேர் போகிற வேகத்தில் போயிற்று. மெதுவாகப் போகும்படி கிளீட்டஸ் டிரைவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அது குளத்தங்கரை திரும்புகிறவரை அவள் நின்றாள். பிறகு உள்ளே போய்த் தலைக்குத் தண்ணீர் விட்டாள்.

முத்துநாயகம் கையிலிருந்ததை மதில்மேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனான்.

சாயங்காலம் மலைப்பக்கமிருந்து மழை இறங்கியது. மதில்மேல் அந்த வேட்டி, விலைச்சீட்டு ஒட்டியபடி நனைந்துகொண்டு கிடந்தது. இரண்டு வீட்டிலிருந்தும் யாரும் வந்து அதை எடுக்கவில்லை.